நாலு முக்குக்கும் நாலு பலகையா?

வாங்க தம்பி, இப்படி திண்ணையில உக்காருங்க. உங்க நகர் சங்கத்துல மனு எழுதியிருக்கீங்களாமே? நாலு தெரு சேர்ற முக்குல ரெண்டு பக்கம் ‘நில்’ பலகை இருக்கு, மிச்ச ரெண்டு பக்கமும் வேணும்னு. ரொம்ப நல்ல காரியம். ரெண்டு பலகையை மதிக்காம போறதைவிட நாலு பலகையை மதிக்காம போறது ஊருக்கே ஒரு கௌரவம்தான்.

அந்த முக்கு டீக்கடை பெஞ்சுல முக்கால்வாசி நாள் கிடக்கிறவன் நான். இருக்கிற ரெண்டுல ஒண்ணு மேல மஞ்சள் நீராட்டு விழா பேனர் கட்டியிருக்கான். தாய்மாமன் கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு சிரிக்கிறார், ‘நில்’லைக் காணோம். இன்னொண்ணு மேல முருங்கை சாஞ்சிருக்கு. அந்தத் தகட்டுக்கு எட்டு மூலை ஏன் தெரியுமா? எழுத்து அழிஞ்சாலும், முதுகுப்பக்கமா பாத்தாலும் இன்ன பலகைன்னு தெரியணும்னுதான். அந்த வடிவத்தை யோசிச்ச அமெரிக்காக்காரனுக்கு நம்ம தாய்மாமனைப் பத்தி யாரும் சொல்லலை.

சட்டம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. வரப்புத் தகராறுக்காக கோர்ட்டுக்கு நடந்து நடந்து எனக்கும் கொஞ்சம் சட்டம் ஒட்டிக்கிச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ, 184-ஆம் பிரிவுல ‘நில்’ பலகையை மீறிப் போறதையும் அபாயகரமா ஓட்டுற குற்றத்துல சேத்துட்டாங்க. முதல் தடவைக்கே 6 மாசத்துலேருந்து 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா 1,000 ரூபாயிலேருந்து 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். காலையில பள்ளிக்கூட நேரத்துல நம்ம முக்கைத் தாண்டற ஜனத்தை மட்டும் புடிச்சாலே கடலூர் கேப்பர் மலை ஜெயில்ல இடம் பத்தாது. உங்க சங்கத் தலைவருக்கும் ஒரு பாய் போட்டு வைக்கணும்.

நாலு பக்கமும் நிறுத்தற பழக்கம் அமெரிக்காவுல ரொம்ப. அவங்களே, நாலு பேர் கையெழுத்துப் போட்டாங்கன்னு உடனே குழி தோண்டறதில்லையாம். ஒரு கைப்புத்தகம் வச்சிருக்காங்க. பலகை இருந்தா நடந்திருக்காதுங்கிற மாதிரி விபத்து 12 மாசத்துல 5 ஆச்சா? இல்லேன்னா பெரிய தெருவுல 8 மணி நேரத்துக்குச் சராசரியா மணிக்கு 300 வண்டி வருதா? குறுக்குத் தெருவுல வண்டி, சைக்கிள், நடக்கிறவங்க எல்லாம் சேந்து மணிக்கு 200 ஆகுதா? இப்படிக் கேள்வி மேல கேள்வி. வேகத்தைக் குறைக்கறதுக்குன்னு இந்தப் பலகையை வைக்காதேன்னும் அதுலயே எழுதியிருக்கு. காரணம் என்னான்னா, காலித் தெருவுக்காக நின்னவன், போன நேரத்தைப் புடிக்க அடுத்த தெருவுல ஒரு முறுக்கு முறுக்குவான். பத்து நாள் நின்னு பாத்து எதிர்ல ஒருத்தனும் வரலைன்னா, பதினோராம் நாள் நிக்கவே மாட்டான். அன்னிக்குத்தான் குறுக்கால ஒருத்தர் சைக்கிள்ல வருவார், பலகையை நம்பி.

உங்க கணக்கு என்னா தம்பி? போன மாசம் ஒருத்தர் ஸ்கூட்டியோட விழுந்தார், அதனால பலகை. இதைக் கேட்டா கடலூர்ப் பக்கத்துப் பழைய கதை ஒண்ணு ஞாபகம் வருது. 1690-ல தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்கிட்ட இங்கிலீஷ் கும்பினிக்காரன் விலைக்கு வாங்கினான். பீரங்கி குண்டு போய் விழற தூரம் வரைக்கும் நிலமும் சேத்துன்னு பேச்சு. சுட்டான், குண்டு விழுந்த வரைக்கும் ஊரெல்லாம் அவனுக்குப் போச்சு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலைன்னு இன்னிக்கும் பேர் நிக்குது. அவனாவது குண்டு விழுந்த இடத்தை எல்லைன்னான், நீங்க ஆளு விழுந்த இடத்தை எல்லைங்கிறீங்க.

கோவிச்சுக்காதீங்க. சிதம்பரத்துல ஆனியிலயும் மார்கழியிலயும் அஞ்சு தேர் நாலு வீதி சுத்தி வருதே, ஆயிரம் பேர் வடம் புடிக்கிற அந்தப் பெரிய தேரை நிறுத்தறவர் யாரு? முட்டுக்கட்டைக்காரர். அவர் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே நேரத்துல கட்டையைச் சொருகறதில்லை. குனிஞ்சு, எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு பாத்து, அதுக்கு மட்டும் போடறார். கீழவீதியிலேருந்து தெற்கு வீதிக்குத் தேர் திரும்பறதே அந்தப் பார்வையாலதான். நாலு பக்கமும் கட்டையைப் போட்டா தேர் அங்கயே நிக்கும், சாமி வெயில்ல காயும்.

அதனால ஒரு நோட்டு வாங்குங்க. காலையில பள்ளிக்கூட வேன் வர்ற நேரம், சாயங்காலம் அது திரும்பற நேரம், முக்குல உக்காருங்க. எந்தத் தெருவுலேருந்து எத்தனை வண்டி, எத்தனை பேர் நடந்து வர்றாங்க, எத்தனை தடவை பிரேக்கு கிறீச்சுன்னுச்சு, எல்லாம் கோடு போட்டு எழுதுங்க. அப்புறம் சைக்கிள்காரன் வர்ற பக்கத்துல, அவன் கண் உயரத்துக்குக் குனிஞ்சு நின்னு பாருங்க. அங்கேருந்து குறுக்குத் தெரு தெரியுதா? தெரியாது. மூலை வீட்டு காம்பவுண்டை ஒட்டி செம்பருத்தி, அதை ஒட்டி வீடு கட்ட இறக்கின மணல், மணலை ஒட்டி உறை போட்ட கார் ஒண்ணு மாசக்கணக்கா நிக்குது. உறை உங்க வீட்டுத் திரைச்சீலை நிறத்துல இருக்கே, யார் காருன்னு நான் கேக்கலை.

இன்னொண்ணு. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினீங்களே, பலகை இல்லாத முக்குல யாருக்கு வழி விடணும்னு சொல்லிக்கொடுத்தாங்களா? பெரிய ரோட்டுல வர்றவனுக்கு விடணும். ரெண்டும் சமமான தெருன்னா, வலது கைப்பக்கம் வர்றவனுக்கு விடணும். விதியே இருக்கு. நம்ம ஊர் விதி வேற, ஹாரன் எவன் முதல்ல அடிக்கிறானோ அவனுக்குத் தெரு.

பலகை கிடைக்கலேன்னா வேகத்தடையாவது வாங்கிடணும்னு உங்க பொருளாளர் சொல்றாராம். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-லயே அதுக்கு அளவு கொடுத்துச்சு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்கினா முதுகு நோகாது. நம்ம ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா போடறது அகலம் ஒரு முழம், உயரம் எருமை படுத்த உயரம். வெள்ளைக்கோடு கிடையாது. அண்ணாமலைநகர் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சியோட போற 108 அதுல ஏறினா, வண்டியிலயே பேர் வைக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயத்துல எனக்குக் கிண்டல் வராது. 2025 ஜூலை 8-ஆம் தேதி, நம்ம கடலூர் பக்கம் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டுல பள்ளிக்கூட வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்க போச்சு. அங்க கேட்டு இருந்துச்சு, கேட்கீப்பர் இருந்தார். கேட்டை மூடினாத்தான் ரயிலுக்கு சிக்னல் விழும்ங்கிற இணைப்பு மட்டும் இல்லை. அதனாலதான் இந்தக் கிழவன் இத்தனை வளவளன்னு பேசறேன். ஒண்ணை நட்டு வச்சதோட காப்பு ஆச்சுன்னு வீட்டுக்குப் போயிடாதீங்க.

நோட்டு எழுதி முடிச்சதும் மனுவோட சேத்துப் பின் பண்ணுங்க. அந்தத் தெரு நகராட்சியோடதா நெடுஞ்சாலைத்துறையோடதான்னு முதல்ல விசாரிச்சுக்குங்க, இல்லேன்னா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் காட்டியே உங்களைக் கிழவனாக்கிடும். திங்கக்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்ப்புக் கூட்டம் நடக்கும், அங்க கொடுங்க. வெறுங்கையோட வர்றவங்க மத்தியில கோடு போட்ட நோட்டோட போனா, அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து பாப்பார்.

ராத்திரியும் ஒரு நாள் உக்காந்து எண்ணுங்க, ஒரு கறுப்பு பைக் வரும். சைலன்சரைக் கழட்டின வண்டி, ராத்திரி ஒம்பதரைக்கு மேல முக்குல படுத்துத் திரும்பும். அந்த நம்பரைக் கட்டாயம் எழுதுங்க. எழுத முடியலேன்னா பரவாயில்லை, உங்க பையன் வீட்டுக்கு வந்ததும் வாசல்ல நிக்கிற வண்டியைப் பாத்து எழுதிக்கலாம்.