பேர் வைத்தவரின் பேர் என்ன?

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்த காலத்தில் இந்த ஊரோரம்தான் பாதை மூன்றாகப் பிரிந்தது என்கிறது சிலப்பதிகாரம். இப்போது நாலுவழிச் சாலை. யாருக்கும் குழப்பமில்லை, அதனால் யாரும் நிற்பதுமில்லை. நின்று உள்ளே போனால் மூவர் கோயில். பேரில் மூன்று, கண்ணுக்கு இரண்டு. வடக்கே இருந்தது அடித்தளத்தோடு சரி.

நடுக்கோயிலின் தென்சுவரில் கிரந்த எழுத்தில் சம்ஸ்கிருத சுலோகமாக ஒரு கல்வெட்டு. இருக்குவேளிர் வம்சத்தின் தலைமுறைக் கணக்கு அது. கோயிலைக் கட்டியவர் பூதி விக்கிரமகேசரி. அவரைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறது. எனக்கு வேண்டியவர் அந்தச் சுலோகங்களை எழுதிக் கொடுத்த மனுஷர். கவிஞர், மொழிபெயர்ப்பாளர், கொடும்பாளூரின் முதல் விளம்பர அதிகாரி.

அவருக்கு வந்த வேலை லேசானதல்ல. பல்லவனுக்குச் செப்பேட்டில் பிரம்மாவிலிருந்து வரிசை இருக்கிறது. சூரியனைச் சோழர் பிடித்துக்கொண்டார்கள், சந்திரனைப் பாண்டியர். நடுவில் மாட்டிக்கொண்ட வேளுக்கு என்ன மிச்சம்? யது குலம். அதுவும் சந்திர வம்சத்துக் கிளைதான். உள்வாடகை மாதிரி.

அன்றைக்கு நடந்த பேச்சு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

“புலவரே, நம்ம பாட்டன் பேரெல்லாம் வடமொழியிலே கொஞ்சம் கனமா வரணும்.”

“அதுக்கென்ன பெருமானே, பாட்டன் செய்தது என்னன்னு மட்டும் சொல்லுங்க.”

“பெரிசா ஒண்ணும் இல்லையே.”

“அப்போ இன்னும் நல்லதாப் போச்சு.”

வந்து விழுந்தன பேர்கள். பரவீரஜித், வீரதுங்கன், அதிவீரன், ஸங்கக்ருத், நிருபகேசரி, பரதுர்க்கமர்த்தனன், சமராபிராமன். முதல் மூன்று பேரிலும் வீரம் இருக்கிறது; நாலாவதுக்கு வரும்போது சரக்கு தீர்ந்திருக்க வேண்டும், ஸங்கக்ருத் என்று சங்கம் வைத்தவராக்கிவிட்டார். பரதுர்க்கமர்த்தனன் என்றால் அடுத்தவன் கோட்டையை நொறுக்குகிறவன். சமராபிராமன் என்றால் போர்க்களத்தில் அழகன். வீட்டில் எப்படி என்று கவி வாய் திறக்கவில்லை. எந்தத் தாயும் வாசலில் நின்று “ஏ பரதுர்க்கமர்த்தனா, சோறு ஆறுது” என்று கூப்பிட்டிருக்க மாட்டாள். வீட்டில் கூப்பிட்ட பேர் எதுவோ, அதைச் சுவரில் ஏற்றாமல் விட்டுவிட்டார். மூலம் தொலைந்து மொழிபெயர்ப்பு மட்டும் மிஞ்சிய அபூர்வ இலக்கியம்.

நிருபகேசரி விஷயத்தில் கவியின் கை நன்றாகத் தெரிகிறது. அவர் சின்ன வயதில் பாம்புகளோடு வளர்ந்தாராம். ஒரு தலைமுறைக்கு வெற்றியும் இல்லை, கோட்டையும் இல்லை என்றால் பாம்பை விட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று ஒரு தொழில் ரகசியம் அன்றே இருந்திருக்கிறது.

அடுத்தவர் வாதாபியை வென்றவராம். வாதாபியை வென்றது பல்லவன் நரசிம்மவர்மன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பின்னாலே சிறுத்தொண்டரான பரஞ்சோதியும் அங்கே போனார் என்கிறது பெரியபுராணம். கொடும்பாளூர்க்காரரும் கூடப் போயிருக்கலாம், யார் வேண்டாமென்றது? படையோடு போய்த் திரும்பிய எல்லோருமே வாதாபி கொண்டவர்கள்தான். ஊருக்கு வந்து சொல்கிறபோது பல்லவன் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பூதி விக்கிரமகேசரிக்கு வந்ததும் கவி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கூலி கொடுக்கிறவர் ஆயிற்றே. பல்லவப் படையின் ரத்தத்தால் காவிரி சிவந்தது, வீரபாண்டியன் தோற்றான், வஞ்சிவேள் செத்தான். அப்பன் சமராபிராமன் ஒரு சளுக்கியைக் கொன்றதோடு நிறுத்திக்கொண்டார். மகன் ஒரு ஆற்றையே நிறம் மாற்றினார்.

ஆனால் நம் ஆள் ஒரே ஒரு இடத்தில் பயந்தார். விக்கிரமகேசரிக்கு இரண்டு ராணிகள்: கற்றளி, வரகுணை. கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில். ராஜா தன் பேரில் ஒன்றும் ராணிகள் பேரில் இரண்டுமாக மூன்று விமானம் எழுப்பினார், கற்கோயில் என்று பேர் கொண்ட அம்மாளுக்கும் ஒரு கற்கோயில். இப்படி ஒரு சிலேடை மடியில் வந்து விழுந்தால் எந்தக் கவி விடுவான்? இவர் விட்டுவிட்டார். மொழிபெயர்க்கவும் இல்லை, கற்றளி என்று அப்படியே தூக்கி சுலோகத்தில் வைத்துவிட்டார். பாட்டனார் பேரில் விளையாடலாம், செத்தவர்கள் கேட்கப்போவதில்லை. உயிரோடு இருக்கிற ராணியம்மாள் பேரில் கைவைத்தால் ராத்திரிச் சோறு நிச்சயமில்லை.

பேர் மாற்றும் ஆசை நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பின்லாந்தில் முஸ்தோனென் என்று ஒரு குடும்பம். சுவீடிஷ் பேர் இருந்தால் மரியாதை என்று அப்பா லோன்பொம் ஆனார். 1878-இல் பிறந்த பையன் கவிஞனானதும், அண்ணன் காசிமிர் காட்டிய வழியில், பின்னிஷ் பேருக்குத் திரும்பி எய்னோ லெய்னோ ஆனார். தாந்தேயின் தெய்வீக நாடகத்தை 1912 முதல் 1914 வரை பின்னிஷ் மொழியில் கொண்டுவந்தவர். அவர் பிறந்த ஜூலை 6 அங்கே கொடி ஏற்றுகிற நாள். 1906-இல், ஸ்னெல்மன் என்ற அறிஞரின் நூற்றாண்டு நாளில், பல்லாயிரம் பேர் ஒரே மூச்சில் சுவீடிஷ் பேரை உதறினார்கள். கொடும்பாளூர் வேளிர் போனது எதிர்த் திசை. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பமே உள்ளூர்ப் பேரைக் கழற்றிவிட்டு வெளியூர்ப் பேரை மாட்டிக்கொண்டது.

இதனால் கஷ்டப்பட்டது சரித்திர ஆசிரியர்கள். 1933-இல் நீலகண்ட சாஸ்திரி இந்தக் கல்வெட்டை விவரமாக வெளியிட்டார். அன்றைக்குப் பிடித்த சண்டை. விக்கிரமகேசரி முதல் ஆதித்த சோழன் காலத்தவர், ஒன்பதாம் நூற்றாண்டு என்று ஒரு கட்சி. இல்லை, பத்தாம் நூற்றாண்டு என்று இன்னொரு கட்சி. தமிழ்க் கல்வெட்டுகளில் மறவன் பூதி என்கிற தென்னவன் இளங்கோவேள் ஒருவர் வருகிறார், அவர்தான் இவர் என்று ஒரு வாதம். கவி மட்டும் நல்ல தமிழில் நாலு பேரை எழுதியிருந்தால் இத்தனை கட்டுரைகள் தேவைப்பட்டிருக்காது, பல பேராசிரியர்களுக்கு வேலையும் இருந்திருக்காது. கடைசியில் கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதி, பெரிய வேளாரைச் சுந்தர சோழரின் சேனாதிபதியாக்கி, வானதியைக் கொடும்பாளூர் இளவரசியாக்கி, வழக்கை வாடகை நூலகத்திலேயே தீர்த்துவைத்தார்.

சுவரின் கடைசிப் பகுதியில் கணக்கு சுத்தமாக இருக்கிறது. மதுரையிலிருந்து வந்த காளாமுகத் துறவி மல்லிகார்ஜுனருக்குப் பெரிய மடம். அவருடைய குருமார் பேர். ஐம்பது தவசிகளுக்குச் சோறு போடப் பதினொரு ஊர். எல்லாம் இருக்கிறது, எழுதிய கைக்கு ஒரு மரக்கால் நெல் கொடுத்ததாகக்கூட இல்லை. இத்தனைக்கும் இது, அடியார்கள் வந்து அள்ளிக்கொள்ளட்டும் என்று நெல் பண்டாரத்தையே திறந்துவிட்ட இடங்கழி நாயனாரின் ஊர்.

ஐஹொளேயில் 634-ஆம் ஆண்டுக் கல்வெட்டை எழுதிய ரவிகீர்த்தி, தன் பேரைப் போட்டதோடு நிற்காமல், காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமானம் என்று தனக்கே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். நம்மவருக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

ஒருநாள் வண்டியை நிறுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். கிரந்தம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கையோடு கூட்டிப் போங்கள். சுலோகத்தின் ஆரம்பம் சுவரில் கிடையாது, சிதைந்துபோய்விட்டது.