கிறிஸ்துமஸ் கதையும் மஞ்சள் கடுதாசியும்

1827-ல் லண்டனில் எல்லிஸ் அண்ட் பிளாக்மோர் என்ற வக்கீல் ஆபீஸில் 15 வயசுப் பையன் ஒருவன் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். பத்திரக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைவதும் சில்லறைச் செலவுக் கணக்கு எழுதுவதும் உத்தியோகம். பிறகு சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு, கோர்ட்டில் வக்கீல்கள் பேசியதையெல்லாம் எழுதித் தள்ளினான். இதற்கெல்லாம் முன்பே, 1824-ல், கடன் கட்ட முடியாமல் அப்பா மார்ஷல்சீ ஜெயிலுக்குப் போனதையும் பார்த்திருந்தான். ஆக, சட்டத்தின் முன்வாசல், கொல்லைப்புறம் இரண்டுமே தெரிந்த பிள்ளை.

பிள்ளையின் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ். ஊரார் பத்திரங்களையெல்லாம் நகல் எடுத்த இந்த மகானுபாவர், தன் எழுத்துக்கு ஒப்பந்தம் என்று வந்தபோது, தாலி கட்டின கையோடு கல்யாண ரிஜிஸ்தரில் மாப்பிள்ளை கையெழுத்துப் போடுகிற மாதிரி, காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். 1836-ல் நிஜமாகவே கல்யாணமும் ஆகியிருந்தது. புதுக் குடித்தனம், புதுச் செலவு. நீட்டிய பேனாவைத் தட்டவா முடியும்?

முதல் புத்தகமான ‘ஸ்கெட்சஸ் பை பாஸ்’ தொகுப்பின் உரிமையை ஜான் மெக்ரோன் என்ற பதிப்பாளருக்குச் சுமார் 100 பவுண்டுக்கு ஒரேயடியாக விற்றார். அதற்குள் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ மாதத் தொடராக வந்து ஊரையே பைத்தியமாக அடித்தது. மெக்ரோன் பார்த்தார். கையில் இருக்கும் பழைய சரக்கையும் பிக்விக் மாதிரியே மாதாமாதம் வெளியிடப் போவதாக அறிவித்தார். டிக்கன்ஸ் குதித்தார். குதித்து என்ன? சரக்கு மெக்ரோனுடையது. கடைசியில் டிக்கன்ஸும் அவருடைய புதுப் பதிப்பாளர்கள் சாப்மன் அண்ட் ஹாலும் சேர்ந்து 2,000 பவுண்டுக்கு மேல் அழுது அதைத் திரும்ப வாங்கினார்கள். விற்ற மாட்டைத் திரும்ப வாங்கப் போனவன், கயிற்றுக்கும் சாணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்த கதை.

புத்தி வந்ததா? வரவில்லை. கையில் பிக்விக் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிச்சர்ட் பென்ட்லி என்பவருக்கு இரண்டு நாவல், கூடவே ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார். எழுதினதற்கெல்லாம் கிராக்கி ஏறியதும், பழைய விலை கசந்தது. உடனே பென்ட்லிக்கு ‘பர்லிங்டன் தெருக் கொள்ளைக்காரன்’ என்று பட்டம் சூட்டினார். பாவம், பென்ட்லி கத்தியைக் காட்டவில்லை, காகிதத்தைத்தான் காட்டினார். அதிலிருந்த கையெழுத்து டிக்கன்ஸுடையது. 1840-ல் 2,250 பவுண்டு கொடுத்த பிறகுதான் பென்ட்லி கையிலிருந்த ‘ஆலிவர் ட்விஸ்ட்’ வீடு திரும்பினான்.

இது உள்வீட்டுச் சண்டை. வாசலில் வேறு கூட்டம் நின்றது. டிக்கன்ஸின் புனைபெயர் ‘பாஸ்’. எட்வர்ட் லாயிட் என்ற மலிவுப் பதிப்பாளர் ஒரு ‘பென்னி பிக்விக்’கை இறக்கினார். எழுதியவர் பெயரும் ‘பாஸ்’! ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மட்டும் வேறு. தமிழில் அந்த வித்தியாசமும் கிடையாது. அல்வாக் கடைக்கு எதிரே ‘ஒரிஜினல் அல்வாக் கடை’ வைக்கிற உத்தியைத் திருநெல்வேலி மட்டும்தான் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். அடுத்து ‘ஆலிவர் ட்விஸ்’ வந்தான். ‘நிக்கலஸ் நிக்கிள்பெரி’யும் வந்தான். 1837-ல் சாப்மன் அண்ட் ஹால் லாயிட் மேல் வழக்குப் போட்டார்கள். நீதிபதி அசல் ‘பிக்விக்’கையும் ‘பென்னி பிக்விக்’கையும் பார்த்தார். இதை அது என்று எண்ணி எவனும் ஏமாற மாட்டான் என்று தள்ளிவிட்டார். அதாவது, சரக்கு படுமட்டமாக இருந்ததே லாயிடுக்கு ரட்சையாயிற்று.

1842 ஜனவரியில் டிக்கன்ஸ் அமெரிக்காவில் போய் இறங்கினார். நியூயார்க்கில் அவருக்காகவே மாபெரும் நடன விருந்து. வீட்டுக்கு வீடு அவர் புத்தகம். சட்டப்படி ஒன்றுக்கும் அவருக்குக் காலணா சேர வேண்டியதில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் அன்று உள்நாட்டு எழுத்தாளரைத்தான் காத்தது. வெளிநாட்டானின் புத்தகம் ஆற்று மணல் மாதிரி, யாரும் அள்ளலாம். விருந்து மேடைகளிலேயே டிக்கன்ஸ் அதைப் பேசினார். சம்பந்தி வீட்டுப் பந்தியில் வரதட்சணை பாக்கியைக் கேட்டால் எப்படியிருக்கும்? அப்படி ஆயிற்று. காசாசை பிடித்தவர் என்று பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அவருடைய கதைகளைச் சும்மா அச்சடித்துப் பிழைத்த பத்திரிகைகளும் அதில் அடக்கம். வெளிநாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்கா உரிமை கொடுத்தது 1891-ல். டிக்கன்ஸ் கண் மூடி 21 வருஷம் கழித்து.

இனி வருவதுதான் பிரதான காட்சி. 1843 டிசம்பர் 19. ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ வெளியானது. இம்முறை அச்சுச் செலவு டிக்கன்ஸுடையது. சிவப்புத் துணி அட்டை, தங்க விளிம்பு, கையால் வண்ணம் தீட்டிய படங்கள். விலை 5 ஷில்லிங். கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதிகள் பறந்தன. 1,000 பவுண்டு லாபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவருக்குக் கையில் நின்றது 230 பவுண்டுதான். மிச்சத்தைத் தங்க விளிம்பு தின்றுவிட்டது.

ஜனவரி முதல் வாரத்தில் லீ, ஹேடக் என்ற இருவர் அதே கதையை 2 பென்ஸுக்குத் தெருவில் விட்டார்கள். முப்பதில் ஒரு பங்கு விலை! டிக்கன்ஸ் வக்கீல் வைத்தார். யாரை? தாமஸ் நூன் டால்ஃபோர்டை. பதிப்புரிமை மசோதாவை 1837-ல் பார்லிமெண்டில் கொண்டுவந்து, அது 1842-ல் சட்டமாக வித்திட்டவரே அவர்தான். ‘பிக்விக்’ அவருக்குத்தான் சமர்ப்பணம். இதைவிடப் பலமான கட்சி உண்டா?

எதிர்த்தரப்பு அசரவில்லை. நாங்கள் திருடவில்லை, திருத்தினோம் என்றது. மூலத்தில் குட்டிப் பையன் டிம் ஒரு பாட்டுப் பாடினான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாராம் டிக்கன்ஸ். இவர்களுடைய ஆசாமி ஹெவிட் என்பவரோ அந்தப் பாட்டையே 60 வரியில் எழுதிச் சேர்த்திருக்கிறாராம். அடுத்த வீட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தவன், “கழுத்தில் மணி நான்தானே கட்டினேன்” என்கிற நியாயம். நீதிபதி நைட் புரூஸ் மணி ஓசையில் மயங்கவில்லை. தடையாணை கொடுத்தார். டிக்கன்ஸுக்குத் தலைகால் புரியாத வெற்றி.

அடுத்து நஷ்ட ஈடு. லீயும் ஹேடக்கும் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். திவாலானவனிடம் என்னத்தை வசூலிப்பது? ஜெயித்த டிக்கன்ஸ் தன் கையிலிருந்து கட்டிய கோர்ட் செலவு சுமார் 700 பவுண்டு. 230 லாபம், 700 செலவு. கணக்குப் பார்த்தால், கதை எழுதியதற்கு அவர்தான் அபராதம் கட்டியிருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து வேறொருவன் திருடியபோது, சட்டத்திடம் போவதைவிடத் திருட்டே தேவலை என்கிற பொருளில் எழுதிவிட்டுச் சும்மா இருந்தார்.

மனிதர் எந்நேரமும் வாதி என்றும் நினைக்க வேண்டாம். ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ தொடரில் மிஸ் மௌச்சர் என்று குள்ளமான ஒரு பெண். 1849 டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அதே உருவம் கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்மணி. கால் ஆணி எடுப்பதும் நகம் திருத்துவதும் அவர் தொழில். என்னைத்தானே எழுதினீர், என் பிழைப்பு கெடுகிறதே என்று கேட்டார். வக்கீலும் வந்தார். டிக்கன்ஸ் மழுப்பவில்லை. பாதி அவரை வைத்துத்தான் எழுதியதாக ஒப்புக்கொண்டு, பின் அத்தியாயத்தில் மௌச்சரை நல்லவளாக்கிவிட்டார். பெயரை மாற்றினால் போதும், ஆளைத் தெரியாது என்று நம்புகிற எல்லோரும் இந்த அத்தியாயத்தை இரண்டு தரம் படிக்கலாம்.

சட்டத்தை அவர் கடைசியில் பழிவாங்கியது பேனாவால். 1852-ல் தொடங்கிய ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் தலைமுறை தலைமுறையாக ஒரு சொத்து வழக்கு நடக்கிறது. முடிகிற அன்று பார்த்தால், சொத்து முழுக்கக் கோர்ட் செலவிலேயே கரைந்திருக்கிறது. அந்தத் தொடரில் அவருக்கு நல்ல வருமானம். அந்த 700 பவுண்டு வட்டியோடு திரும்பியது.

நமக்கு அந்தத் திறமை இல்லாததால், 1957-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தெரிந்துகொள்வது மலிவு. எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது, பதிவு செய்தாக வேண்டியதில்லை. வாழ்நாளுக்கும் அப்பால் 60 வருஷம் அது நிற்கும். வாய்வார்த்தையாக உரிமையை மாற்ற முடியாது. எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தில் போடாவிட்டால் 5 வருஷம் என்று கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும். ஆனால் ‘என்றென்றும், எல்லா நாடுகளுக்கும்’ என்று அச்சடித்த தாளில் நீங்களே கையெழுத்துப் போட்டால், அந்தச் சலுகைகள் உங்களுக்கு உதவாது. பேனாவை நீட்டும்போது வாங்கிக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொள்ளுங்கள்.