பட்டியலில் இல்லாத கம்ப்யூட்டர்

2002-ல் எங்கள் கும்பகோணம் டி.டி.பி. சென்டரில் இருந்த கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் எக்ஸ்பி போடலாமா என்று அப்பா கேட்டார். சர்வீஸ் அண்ணன் கேபினெட்டைத் திறந்து, ராமை எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏறும் சார், ஆனா ஓடாது” என்றார். 2025-ல் அதே கடையில், வேறொரு கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 பற்றி நான் கேட்டேன். சர்வீஸுக்கு வந்த தம்பி கேபினெட்டைத் தொடவில்லை. திரையில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, “நல்லாவே ஓடும்க்கா, ஆனா ஏறாது. புதுசு வாங்கிடுங்க” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நடுவில் கழிந்த காலத்தில், நம் காசில் வாங்கிய பொருளின் ஆயுளை யார் முடிவு செய்வது என்பதே மாறிவிட்டது.

அன்றைய மெஷின் செலரான் பிராசஸர், 64 எம்பி ராம், விண்டோஸ் 98. வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகைகள் குவியும். வேலை மும்முரத்தில் திடீரென்று நீலத்திரை வரும். சேவ் பண்ணாத பக்கம் போனது போனதுதான். எக்ஸ்பி அந்த 98-ன் வழியில் வந்ததல்ல. என்டி, 2000 என்று அலுவலகங்களுக்காக உருவான வரிசையைச் சேர்ந்தது. ஒரு புரோகிராம் நின்றுபோனால் பெரும்பாலும் அதை மட்டும் மூடிவிட்டு வேலையைத் தொடரலாம். அப்பாவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

எனக்கு யூனிகோட் வேண்டியிருந்தது. அப்போது ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. பாமினியில் அடித்த பக்கத்தை இன்னொரு எழுத்துருவுக்கு மாற்றினால் வரிகள் எல்லாம் குப்பையாகிவிடும். ஆய்வேடு அடிக்க வரும் கல்லூரி மாணவர்கள் பாதியை ஓரிடத்திலும் மீதியை இன்னோரிடத்திலும் அடித்துக்கொண்டு வந்தால், மறுபடி முதலிலிருந்து அடிப்பதே சுலபம். விண்டோஸ் 2000-ல்தான் முதன்முதலாகத் தமிழ் யூனிகோடும் லதா எழுத்துருவும் வந்தன. எக்ஸ்பியிலும் அவை உண்டு, ஆனால் தானாக இயங்காது. கன்ட்ரோல் பேனலில் மொழிகளுக்கான பக்கத்துக்குப் போய், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடியைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்கு முன்பு ‘கெ’ என்று அடித்தால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும். ரீஸ்டார்ட் ஆனதும் ‘கொ’ அடித்துப் பார்த்தேன். கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் அமர்ந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘கௌ’வும் சரியாக வருகிறதா என்று அடித்துப் பார்க்கச் சொன்னார். வந்தது.

ஆனால் சர்வீஸ் அண்ணன் சொன்னபடி ஓடத்தான் இல்லை. எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி ராம் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. 128 இருந்தால் நல்லது என்றும் அவர்களே சொல்லியிருந்தார்கள். எங்களிடம் சரியாக 64. விதிப்படி எல்லாம் பொருத்தம். பேஜ்மேக்கரைத் திறந்தால் மட்டும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ராமில் இடம் போதாமல் டிஸ்கில் எழுதுவதும் திரும்பப் படிப்பதுமாக மெஷின் திணறும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து இன்னொரு ராம் வாங்கி வந்து மாட்டியதும் விளக்கு அடங்கியது. தமிழ் மென்பொருளுக்கு பிரின்டர் போர்ட்டில் ஒரு லாக் செருகியிருப்போம். அதன் பழைய டிரைவர் எக்ஸ்பியில் செல்லாது. கம்பெனிக்குக் கடிதம் போட்டு, ஃப்ளாப்பியில் புது டிரைவர் வந்த பிறகு அதுவும் வேலை செய்தது. தடைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் குறைச்சலாக இருந்தது, அதை வாங்கிக்கொள்ள முடிந்தது.

இப்போதைய மெஷின் 2014-ல் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டோம்; ராமை 16 ஜிபி ஆக்கினோம். முந்நூறு பக்க ஆய்வேட்டைத் திறந்து மெய்ப்பு பார்க்கும்போது அது ஒரு நொடி தயங்கியதில்லை. பழைய எழுத்துருக்கள், அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்கள், எக்ஸ்பி காலத்திலிருந்து சேர்ந்த கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பத்து வருடத்துக்கு முன் அச்சடித்த பத்திரிகையின் மாதிரியைத் தம்பி கல்யாணத்துக்காகத் தேடி வருகிறவர்களுக்கு அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறேன்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதற்குப் பிறகு இல்லை. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இரண்டு கோர் உள்ள 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர். இதெல்லாம் எங்கள் மெஷினில் தாராளமாக இருக்கிறது. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசஸர் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து. இந்த இரண்டிலும்தான் எங்கள் மெஷின் விழுந்தது. பட்டியலில் செலரான் என்4020 இருக்கிறது. இரண்டே கோர் கொண்ட, விலை மலிவான லேப்டாப்களில் வரும் பிராசஸர் அது. எங்கள் ஐ5 அதைவிடப் பல மடங்கு வேகமானது.

பட்டியலுக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டிஸ்கைப் பூட்டும் சாவியை டிஸ்கிலேயே வைக்காமல் தனியே காக்க டிபிஎம் உதவுகிறது. மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு, விண்டோஸின் கருவுக்குள் கள்ள டிரைவர்கள் நுழையாமல் தடுக்கிறது. அதைச் சுணக்கமில்லாமல் நடத்தும் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் பிராசஸரிலேயே இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் மென்பொருளால் ஈடுகட்ட வேண்டும், வேகம் குறையும். ஞாயமான காரணம்தான். ஆனால் அந்த ஏழாம் தலைமுறையிலும் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டு, 2021-ல் சேர்த்த சிலவற்றில் ஐ7-7820எச்க்யூ ஒன்று. மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-ல் இருப்பது அந்த பிராசஸர். அதைப் படித்த பிறகு, பட்டியலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் உலவுவது, டிபிஎம் இல்லாமல் 11-ல் இருப்பதைவிட ஆபத்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் டிஸ்க் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்கில் இமேஜாக எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்தும் பார்த்தேன். எஸ்எஸ்டி பழைய எம்பிஆர் முறையில் இருந்தது. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் ஒரு கோப்பும் போகாமல் மாற்றி, பயாஸில் யுஇஎஃப்ஐ முறைக்கு வந்து, செக்யூர் பூட்டையும் போட்டேன். அதாவது இந்த மெஷினால் தர முடிந்த பாதுகாப்பைத் தந்தேன். பிறகு மைக்ரோசாஃப்ட்டிலிருந்து இறக்கிய விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்து, செட்டப் கட்டளையோடு ‘புராடக்ட் சர்வர்’ என்ற சொற்களைச் சேர்த்து ஓட்டினேன். சர்வருக்கான செட்டப் டிபிஎம்மையும் பட்டியலையும் கேட்பதில்லை. திரையின் தலைப்பில் விண்டோஸ் சர்வர் என்று வரும். உள்ளே ஏறுவது விண்டோஸ் 11-தான். கோப்புகளையும் புரோகிராம்களையும் அப்படியே வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே மேலே போனேன். இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

சதவீதம் ஏற ஏற ரீஸ்டார்ட் ஆனது. பழைய வால்பேப்பரோடு திரை வந்தது. எழுத்துருக்களின் ஃபோல்டரைத்தான் முதலில் திறந்தேன், எல்லாம் இருந்தன. லேசர் பிரின்டரில் ஒரு பக்கம் எடுத்தேன். கன்வெர்ட்டரில் பாமினி வரி ஒன்றைக் கொடுத்து யூனிகோடாக வாங்கினேன். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க, செட்டிங்ஸில் மொழியைத் தேர்ந்தெடுத்ததோடு சரி. சிடியும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். தமிழைப் பொறுத்தவரை அன்றைக்கு மன்றாடி வாங்கியது இன்று தானாகவே கிடைக்கிறது. இதை மனதாரச் சொல்கிறேன்.

மாதாந்தர பாதுகாப்பு அப்டேட்கள் இதுவரை வருகின்றன. தொடர்ந்து வரும் என்று உத்தரவாதம் கிடையாது என்பதை மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வருடம் ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஐஎஸ்ஓவை இறக்கி, இதே வேலையைக் கையால் செய்ய வேண்டும். செய்யத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு மாலைப்பொழுது. தெரியாதவர்களுக்கு, நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர் பழைய சாமான் கடைக்குப் போகிறது. எனக்கு வலிப்பது இதுதான். “உன் மெஷினில் இன்ன பாதுகாப்பு கிடையாது, தெரிந்துகொண்டு ஏற்றிக்கொள்” என்று எழுதி, ஒரு பட்டனைத் திறந்துவைத்திருக்கலாம்.

எல்லா மெஷினுக்கும் இந்த வழி பொருந்தாது. கடையில் பில் போடும் கோர் 2 டுவோவில் முயற்சி செய்யவே இல்லை. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11-க்கு எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் பிராசஸரிலேயே இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் பூட்டே ஆகாது, எந்தத் தந்திரமும் பலிக்காது. அதில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். பில் ஒழுங்காக வருகிறது.

போன வாரம் எதிர்க்கடை ஜெராக்ஸ் அண்ணன், “எங்க கம்ப்யூட்டருக்கும் போட்டுக் குடும்மா” என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், நல்ல நிலையில்தான் இருக்கிறது. கணக்கு வழக்கு முழுவதும் அதில், ஒரு காப்பிகூட வெளியே இல்லை. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வையுங்கள், முதலில் பேக்கப் எடுப்போம், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லியிருக்கிறேன்.