ஒரு தகுதி குறைகிறது

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் டேனரிக்கு டெக்னீஷியன் எடுக்கும் விளம்பரத்தைப் படித்தால், அந்த வேலைக்கான ஆளை இன்னும் யாரும் பெற்றெடுக்கவில்லை என்றே தோன்றும். குரோமில் பதனிட்ட ஈரத்தோலான வெட் ப்ளூ தெரியணும், அதைக் காயவைத்த க்ரஸ்ட் தெரியணும், பினிஷிங்கில் கலர் மேட்சிங் கைவரணும். இத்தாலிக்காரன் வந்தால் இங்கிலீஷ், வேலையாட்களை விரட்ட இந்தி. கடைசி வரி: இ.டி.பி. அனுபவம் கட்டாயம். அதாவது, கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் மட்டும் நேரில் பேசிக்கொள்ளலாம்.

லெதர் டெக்னாலஜி படித்த பையன் போகிறான். ட்ரம்மிலிருந்து எடுத்த தோலின் தடித்த இடத்தில் ஒரு கீறு கீறி, குரோம் நீலம் நடுவரை இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு, சுருங்குகிறதா என்றும் பார்த்துவிடுவான்.

"இ.டி.பி. பாத்திருக்கியா தம்பி?"

"இல்ல சார், கத்துக்கிறேன்."

"கத்துக் குடுக்கவெல்லாம் இங்க நேரமில்லப்பா."

நேரம் முதலாளிமாருக்கு மட்டும்தான் உண்டு. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனது 1991-இல். தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28-இல். அதற்குள் தோல் ஆலைகள் உள்ள வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகியிருந்தது. பத்து வருடமாகக் கெஞ்சியும் ஆலைகள் அசையவில்லை, மானியம் தருகிறோம் என்றும் பார்த்தாயிற்று என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அபராதம் ஆலைக்கு 10,000 ரூபாய். ஐயோ பாவம், எப்படித்தான் புரட்டினார்களோ!

2025 ஜனவரி 30-இலும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. 1991-இலிருந்து கணக்குப் போட்டால் 34 வருடம். எந்த ஃப்ரெஷருக்கு ஐயா இவ்வளவு நீண்ட பயிற்சிக்காலம் கொடுக்கிறீர்கள்?

இந்த இ.டி.பி. தகுதியை ஒருவரிடம் கூடக் கேட்காமல் ஆள் எடுத்ததும் உண்டு. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 விடியுமுன், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். டிகிரி கேட்கவில்லை, சர்டிபிகேட் கேட்கவில்லை. படுக்க ஆலைக்குள்ளேயே இடமும் கொடுத்தார்கள். விளம்பரத்தில் கட்டாயம் என்று போடுகிறார்களே, அந்த இ.டி.பி. அனுபவம் அவர்களுக்கு மூக்கு வரை கிடைத்தது.

தம்பி, அடுத்த விண்ணப்பத்தில் 'இ.டி.பி. தெரியாது' என்று உண்மையை எழுதித் தொலைக்காதே. 'கால அவகாசம் கோரப்பட்டுள்ளது' என்று போடு. அவர்களுக்கு நன்றாகப் பழக்கப்பட்ட பாஷை அது.