பத்து டஜன் விமானம்

திருப்பூர் பக்கம் 120 பீஸ் என்பது ஆர்டரே இல்லை. வெறும் பத்து டஜன். எந்த நிட்டிங்காரரிடம் போய்ச் சொன்னாலும், "சாம்பிளுங்களா?" என்றுதான் கேட்பார். இங்கிலாந்தில் பிரெமான்ட் என்றொரு கம்பெனி 2010-இல் இதே 120 பீஸைச் செய்து, உலகத்துக்கே இவ்வளவுதான் என்று அறிவித்து, ஒவ்வொன்றையும் ஒரு கார் விலைக்கு விற்றது. கைக்கடிகாரம்! இரண்டாம் உலகப் போரில் பறந்த இபி120 என்கிற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் உலோகம் துளியூண்டு அதற்குள் இருக்கிறதாம்.

இதை எனக்குச் சொன்னவன் என் மச்சினன். சேவூரில் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானத்துக்கு விடை கொடுத்தார்கள் அல்லவா, அதை டிவியில் பார்த்ததிலிருந்து அவனுக்கு விமான வாட்ச் கிறுக்கு. 1963-இல் படையில் சேர்ந்து 62 வருஷம் உழைத்த விமானம். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகைமேல் குண்டு போட்டதும் அதுதான். சூலூரில் இப்போது தேஜஸ் ஓட்டுகிற 45-ஆவது படைப்பிரிவு ஒரு காலத்தில் ஓட்டியதும் மிக்-21தான். ஆகவே, "நம்ம பக்கத்து ஊரு சமாச்சாரமுங்க மாமா" என்பது அவன் கட்சி.

அந்த விமானத்தின் நினைவாக வாட்ச் செய்யவும் ஆள் இருக்கிறார்கள். நிருபேஷ் ஜோஷி, மெர்சி அமல்ராஜ் என்ற தம்பதி நடத்தும் பெங்களூரு வாட்ச் கம்பெனி, மிக்-21-இன் டைப் 77 ரகத்தை வைத்து 'மாக் 1' என்று ஒரு வரிசையே போட்டிருக்கிறது. மிக்-21 ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும். வாட்ச்சின் பெயரில் ஒரு மடங்குதான். மீதி ஒரு மடங்கு ஈஎம்ஐ வேகம் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே ஓடுவது சுவிஸ் இயந்திரம். சரக்கு இங்கே, லேபிள் அங்கே என்றே பிழைத்துவந்த நமக்கு, சரக்கு அங்கே, லேபிள் இங்கே என்று கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

விமானிகளின் வாட்ச்சுக்கு இலக்கணம் உண்டு. கறுப்பு முகம், இருட்டிலும் தெரிகிற பெரிய எண்கள், தடித்த சாவிக்குமிழ். குளிருக்குக் கையுறை போட்ட விரலால் திருக வேண்டுமே! ஜெர்மன் விமானப்படைக்குச் செய்தது 55 மில்லிமீட்டர் அகலம். கோட்டுக் கைக்குமேல் கட்ட நீண்ட வார். அதைக் கட்டினால் சம்படத்து மூடியைக் கையில் கட்டிக்கொண்டது போல இருக்கும். சித்திரை வெயிலில் சேவூரில் கோட்டுக்கு எங்கே போவது? எங்களுக்குத் தெரிந்த ஒரே கையுறை, பையர் ஆடிட் வருகிற நாளில் மட்டும் கட்டிங் மாஸ்டர் மாட்டிக்கொள்ளும் இரும்பு வலைக் கையுறை.

1952-இல் பிரைட்லிங் கொண்டுவந்த நேவிடைமரில் இன்னொரு வசதி: முகத்தைச் சுற்றி ஒரு கணக்கு வளையம். திருப்பினால் பெருக்கும், வகுக்கும். பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று விமானி ஆகாயத்திலேயே கணக்குப் போடலாம். மச்சினன் அசலுக்கு ஏங்கி, அதே சாயலில் ஒன்றை மலிவாக வாங்கி, சனிக்கிழமை சம்பளத்தின்போது களத்தில் இறங்கினான். ஓவர்லாக் அக்கா 420 பீஸ் அடித்திருந்தார்; பீஸுக்கு 3 ரூபாய் 40 காசு. இவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நகத்தால் வளையத்தை நகர்த்தி, மூச்சுப் பிடித்துப் பார்த்தான். முள் முள்ளாகக் கோடுகளுக்கு நடுவே 14-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றது. இந்த வளையத்தில் ஒரு சங்கடம்: இலக்கத்தைத்தான் காட்டும், புள்ளி எங்கே என்று காட்டாது. 142-ஆ, 1,428-ஆ, 14 ஆயிரமா என்பது நம் யோசனைக்கு.

"பதினாலாயிரம்னே வச்சுக்கலாங்க தம்பி, பரவால்ல" என்றார் அக்கா. அவர் 1,428 ரூபாயை வளையம் நகரும் முன்பே மனசில் போட்டு முடித்திருந்தார்.

நேரமாவது சரியாகக் காட்டுமா? இந்த மாதிரி முறுக்கி ஓடுகிற வாட்ச்சுகளுக்கு சுவிட்சர்லாந்தில் தரச்சான்று உண்டு. நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம். அதற்குள் இருந்தால் முதல் தரம். அவன் டைலர்கள் கட்டியிருக்கும் பேட்டரி வாட்ச் அதைவிடச் சுத்தம். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற ஊரில் விநாடிக்கு யார் அழுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு சொன்னாலும் எனக்கு அந்த வாட்ச்காரர்கள்மேல் பொறாமைதான். மெயின் லேபிள் தைக்கும்வரை டீ-ஷர்ட் வெறும் பனியன். தைத்துவிட்டால் கடல் தாண்டி விலை. அதே லாட்டில் மிஞ்சியதை லேபிளை வெட்டிவிட்டுக் காதர்பேட்டையில் கூவி விற்கிறோம். மிஞ்சினால் மதிப்புக் குறையும் என்பது நம் வியாபாரம். மிஞ்சாமல் பார்த்துக்கொண்டு, முதுகில் நம்பர் வெட்டி விலையை ஏற்றுவது அவர்கள் வியாபாரம். நாற்பது வருஷமாக லேபிள் தைத்தும் நமக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

என் மாமனாரிடம் ஒரு வாட்ச் இருக்கிறது. எச்எம்டி பைலட். கறுப்பு முகம், தினமும் சாவி கொடுக்க வேண்டும். ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கி, 2016-இல் மூடப்பட்டதே, அந்த எச்எம்டிதான். பைலட் என்று பெயரே தவிர, கட்டியவர்களில் பாதிப் பேர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. கம்பெனி மூடியதும் அதற்குக் கிராக்கி ஏறி, பழைய இயந்திரத்துக்குப் புது வர்ண முகம் ஒட்டி விற்கிற தொழிலே வளர்ந்துவிட்டது. மும்பை ஸ்பெஷல் என்று பெயர். மங்கின துணிக்கு மறுசாயம் போடுகிற ஊர்க்காரனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மாமனாருடையது அசல். கண்ணாடியில் கீறல், ஆறு மணிப் பக்கம் முகம் பழுத்திருக்கும்.

நிலக்கடலை ஏலத்துக்குப் போகும்போது மட்டும் கட்டுவார். அன்றைக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது மச்சினன் மெதுவாக, "அப்பா, அது எனக்குத்தானுங்களே?" என்றான்.

"இருக்கறது ஒன்னு சாமி. புள்ளைங்க ரெண்டு பேரு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவினாசிக்குப் போய், அந்த வாட்ச்சுக்குச் சேருகிற மாதிரி ஒரு தோல் வார் வாங்கிவந்தாள். எங்கள் பெண்ணின் கைக்கு அளவெடுத்து!