காசு கரைந்த கதை

உடம்பு பெருத்தால் சாப்பாட்டையே குறை சொல்லாதீர்கள், கை காலை ஆட்டுங்கள். 2015இல் 'குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க்' என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் அமைப்பு ஊருக்குச் சொன்ன உபதேசம் இது. அதற்கு ஞானப்பால் ஊட்டியது கோகோ கோலா: 15 லட்சம் டாலர். அமைப்பின் வெப்சைட்கூட கம்பெனியின் அட்லாண்டா தலைமையகத்தின் பேரில்தான் பதிவாகியிருந்தது. கேட்டதற்கு, "எங்களுக்குப் பதிவு செய்யத் தெரியாது" என்றார் தலைவர். கலோரிக் கணக்கில் கரை கண்டவர்கள், பாவம்!

கோகோ கோலாவின் அமெரிக்க கேன் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவதில் இது புது ரகம்: கிள்ளுவது கம்பெனி, ஆட்டுவது பேராசிரியர்.

நியூயார்க் டைம்ஸ் போட்டு உடைத்ததும் கொலராடோ பல்கலைக்கழகம் இந்த அமைப்புக்காகக் கம்பெனியிடம் வாங்கிய 10 லட்சம் டாலரைத் திருப்பித் தந்தது. ஆண்டு முடிவதற்குள் அமைப்பே கலைந்தது. கண்ணுக்குத் தெரிந்த எடைக்குறைப்பு அது ஒன்றுதான்.