அறுநூறு கிராம் மலைக்கொள்ளைக்காரன்

கோஜே தீவு,
தென்கொரியா.
11-10-2025

அன்புள்ள மச்சானுக்கு,

திங்கட்கிழமை ராத்திரி மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை என்று மாமியிடம் குறைப்பட்டீர்களாம். அந்த நேரத்தில் என் ஒரு கையில் இடுக்கி, மறு கையில் விசிறுவதற்கு ஒரு அட்டை. வீடு முழுக்கப் புகை. சுவரில் இருக்கும் ஒலிபெருக்கி கொரிய மொழியில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்து மீதியைக் கேட்க மாட்டீர்கள். அதனால் கடிதம்.

அக்டோபர் 6ஆம் தேதி இங்கே சூசொக். எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு வரும் அறுவடைத் திருநாள். முன்னோருக்குப் படையல் வைப்பார்கள், சமாதிக்குப் போய்ப் புல் செதுக்குவார்கள். பொங்கலையும் கல்லறைத் திருநாளையும் ஒரே இலையில் பரிமாறியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் 3ஆம் தேதி தொடங்கி 9ஆம் தேதி வரை சேர்ந்தாற்போல் ஏழு நாள் லீவு. மாதா கோயில் திருவிழா என்றால் நம் ஊரில் கூட்டம் தாங்காது. இங்கே திருநாள் வந்தால் ஊரே காலி. எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் கிரேன்கள் சும்மா நிற்கும், கேன்டீன் பூட்டிக் கிடக்கும், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையும் அடைப்பு. சொந்த ஊருக்குப் போக வழியில்லாத நானும் உங்கள் தங்கச்சியும் ஏழு நாளும் தோசை சுடுவதா என்று யோசித்தோம். அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது: இவர்கள் படையலில் வைக்கிற மாட்டுக்கறிக் குச்சியை நாமே வீட்டில் சுட்டால் என்ன?

அதன் பெயர் சான்ஜொக். கறியை விரல் நீளத்துக்கு அரிந்து, சோயா சாஸில் ஊறவைத்து, வெங்காயத்தாள், காளான், கேரட் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி மூங்கில் குச்சியில் கோத்து வாட்டுவது. லீவுக்கு முந்தின நாள் கறிக்கடைக்குப் போனேன். என் கொரிய மொழி இன்னும் அரிச்சுவடியில்தான் இருக்கிறது என்பதால் போனிலிருக்கும் மொழிபெயர்ப்பைத் திறந்து, எழுதிவைத்திருந்த பெயரைச் சரிபார்த்தேன். "மலைக்கொள்ளைக்காரன்" என்று வந்தது. தப்பாக எழுதிவிட்டோமா என்று அழித்து எழுதினேன். மறுபடியும் அதே கொள்ளைக்காரன். விஷயம் என்னவென்றால் இவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. சரி, கடைக்காரருக்குப் புரிந்தால் போதும் என்று கேட்டேன். அவர் யோசிக்காமல் "ஹொங்துக்கே" என்று பதில் சொன்னார். அதையும் போனில் போட்டுப் பார்த்தேன். "துணியைச் சுற்றி அடிக்கும் உருட்டுக்கட்டை" என்றது. கொள்ளைக்காரனைக் கேட்டதற்கு உருட்டுக்கட்டையை எடுக்கிறாரே என்று ஒரு எட்டு பின்னால் நகர்ந்தேன், மச்சான். பின்தொடைக்குள் உருண்டையாக, நீளமாக இருக்கும் சதைக்கு அப்படிப் பெயராம்.

அடுத்த சிக்கல் தராசில். இங்கே கிலோ இருந்தாலும் பழைய ஆட்கள் "குன்" என்ற அளவில்தான் பேசுவார்கள். ஒரு குன் கறி 600 கிராம். ஒரு குன் காய்கறி 400 கிராம். ஒரே பெயர், இரண்டு எடை. சந்தையில் நம் ஆச்சிமார் இதைக் கேள்விப்பட்டால் தராசைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள். நான் இரண்டு குன் வாங்கினேன்.

கடையில் இன்னொன்று பார்த்தேன். திருநாளுக்குப் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பரிசே மாட்டுக்கறிதான். ஹான்வூ என்கிற இவர்கள் ஊர் மாட்டின் கறியை 1++ வரைக்கும் தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, பளபளக்கும் துணியில் முடிச்சுப்போட்டுக் கொடுக்கிறார்கள். எனக்கு நம் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. பூசை முடிந்து கறி வாங்கினால் கறுப்புப் பை, அதற்குமேல் மஞ்சள் பை, அதற்கும்மேல் ஒரு கட்டு கீரை வைத்து, எதிரே வருபவர் "என்ன வாங்கினிய?" என்றால் "கீரை" என்று சொல்லிக்கொண்டே வீடு வருவோமே, அது. இங்கே அதே கறிக்குப் பட்டு உடுத்தி, கையில் ஏந்திப் போகிறார்கள்.

ஆனால் இவர்கள் பாட்டன் காலத்தில் கதை வேறுதான். உழவுக்கு மாடு வேண்டும் என்று சோசொன் ராஜாக்கள் மாடறுக்கத் தடை போட்டுக்கொண்டே இருந்தார்கள். சனங்கள் தின்றுகொண்டே இருந்தார்கள். அறுத்துக் கொடுத்தவனை மட்டும் "பெக்ஜொங்" என்று ஊருக்கு வெளியே வைத்தார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஜின்ஜூ ஊரில்தான் 1923இல் அவர்கள் சம உரிமை கேட்டுச் சங்கம் ஆரம்பித்தார்கள். சங்கத்தின் பெயரிலேயே தராசு இருக்கிறது: தட்டு ஏறாமல் இறங்காமல் நேராக நிற்பது என்று பொருள். இப்போது அதே "பெக்ஜொங்" என்ற பெயரைக் கறி சுடும் ஓட்டல்களுக்கு வைத்துப் பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே போய்ச் சாப்பிட வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு இதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சமையலுக்கு வருகிறேன்.

கறி மெத்தென்று ஆக, ஊறவைக்கும்போது பேரிக்காயைத் துருவிப் போட வேண்டும். இங்கத்துப் பேரிக்காய் கைக்குழந்தையின் தலை அளவு இருக்கும். திருநாள் சமயத்தில் அதுவும் பரிசுப் பொருள். விலையைப் பார்த்த உங்கள் தங்கச்சி, "இதத் துருவுறதுக்கு என் வளையலத் துருவலாம்" என்றாள். பேரிக்காய்க்குப் பதில் கிவிப்பழமும் போடலாம் என்று பட்டறையில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. எவ்வளவு, எத்தனை நேரம் என்று அவர் சொன்னாரா, நான் கேட்கவில்லையா என்பது இப்போது விவாதத்தில் இருக்கிறது. ஒரு குன் கறிக்கு இரண்டு பழத்தைப் பிசைந்து போட்டு, ஞாயிறு ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

திங்கள் மத்தியானம் திறந்தால் கறி இல்லை. கறி இருந்தது, ஆனால் கூழாக இருந்தது. குச்சியில் குத்தினால் வழிந்தது. மாமிக்குப் போன் போட்டேன்.

"எத்தன பழம் போட்டிய?"

"ரெண்டு, மாமி."

"எம்புட்டு நேரம்?"

"ராத்திரி பூரா."

மாமி ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "மருமவனே, கெழட்டு ஆட்டுக்கே நாம ஒரு துண்டு பப்பாளிக்காதான் போடுவோம், அதுவும் அர மணி நேரம். நீங்க அந்த மாட்ட ரெண்டாந்தடவ கொன்னுட்டிய" என்றார்கள். படித்துப் பார்த்தேன், மாமி சொன்னது அப்படியே சரி. பப்பாளியில் பப்பேன், கிவியில் ஆக்டினிடின்; இரண்டுமே கறியின் புரதத்தை அறுக்கிற நொதிகள். கிவி ஒரு ஸ்பூன், அரை மணி நேரம், அதற்குமேல் ஆகாது. கூழை உங்கள் தங்கச்சி பொட்டுக்கடலை மாவு சேர்த்துக் கோலா உருண்டை ஆக்கிவிட்டாள். அது நன்றாக இருந்ததை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மிச்சம் ஒரு குன் இருந்தது. சாயங்காலம் மறுபடியும் இறங்கினேன். சோயா சாஸ் ஐந்து கரண்டி, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு, ஒரே ஒரு ஸ்பூன் கிவி, நல்லெண்ணெய். இவர்கள் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிவார்கள். நிறமும் வாசனையும் ஒரு படி தூக்கல். நம் ஊர் செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவார்கள் என்று பட்டறையில் ஒரு தடவை சொன்னேன். செக்கு என்றால் என்ன என்று கேட்டார்கள். நான் எண்ணெயில் ஆரம்பித்து, 1906இல் கப்பல் கம்பெனி, கோயம்புத்தூர் சிறை என்று போய், கடைசியில் வ.உ.சி. படத்தைக் காட்டி முடித்தேன். கப்பல் கட்டுகிற ஆட்கள் அல்லவா, வெள்ளைக்காரனோடு போட்டி போட்டுக் கொழும்புக்குக் கப்பல் விட்டவரைச் செக்கில் கட்டினார்கள் என்றதும் எல்லாரும் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். நீங்கள் ஹார்பரில் தினமும் அந்தப் பெயர் போட்ட வாசலில் நுழைகிறீர்கள். துறைமுகத்தின் பெயரை 2011இல் மாற்றிய பிறகும் "ஹார்பர்" என்றுதான் சொல்கிறீர்கள், நானும்தான்.

செக்கு ஞாபகத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சீனிக்குப் பதில், நீங்கள் கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டியைச் சீவிப் போட்டேன். ருசிக்கு அது சரியான முடிவு. அடுப்புக்குத் தவறான முடிவு. குச்சிகளைக்கூட அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்திருந்தேன், கருகக் கூடாதென்று. குச்சி கருகவில்லை. கம்பிவலையில் பெரிய தீயில் வைத்ததும் சோயா சாஸும் கருப்பட்டியும் சொட்டி, பால்கனியில் தார் காய்ச்சுகிற புகை. இந்த அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அலுவலகத்தின் ஒலிபெருக்கி உண்டு. அணைக்கச் சுவிட்ச் கிடையாது. எந்த வீட்டிலிருந்து புகை வருகிறது, தயவுசெய்து பாருங்கள் என்று அது மரியாதையாக மூன்று தடவை சொன்னது. அந்த மூன்று தடவையும்தான் நீங்கள் கூப்பிட்டது.

கதவைத் தட்டியது மாடி வீட்டுப் பாட்டி. மகன் வீட்டுப் படையலை முடித்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். பார்த்தார், அடுப்பைச் சிறிதாக்கினார், கம்பிவலையைத் தூக்கித் தொட்டியில் போட்டார், தோசைக்கல்லை எடுத்தார். கத்தியின் முதுகால் கறியைத் தட்டிக் காட்டினார். தட்டாவிட்டால் சூட்டில் சுருங்கிக் குச்சியில் காய்கறி மட்டும் நீளமாக நிற்குமாம். காய்கறியைவிடக் கறியைக் கொஞ்சம் நீளமாகவே வெட்ட வேண்டுமாம். பூண்டு வாசனை வந்ததும் முகத்தைச் சுளித்தார். படையலுக்குப் பூண்டும் மிளகாயும் ஆகாது, ஆவிகள் பயந்து ஓடிவிடும் என்றார். உயிரோடு இருப்பவர்கள் மூன்று வேளையும் பூண்டு தின்கிற ஊரில், செத்தவர்களுக்கு மட்டும் அது பிடிக்காமல் போவது எப்படி என்று கேட்க எனக்கு இலக்கணம் போதவில்லை.

உட்கார்ந்து சாப்பிட்டோம், மச்சான். கருப்பட்டி கறியின்மேல் கண்ணாடி மாதிரி படிந்திருந்தது. பாட்டி இரண்டாவது குச்சியை எடுத்துக்கொண்டு இது என்ன சீனி என்றார். பனைமரத்திலிருந்து வருவது என்றேன். நம்பவில்லை.

அவர் சின்ன வயதில் ஹேன்யொவாம். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கிற பெண்கள். ஜேஜூ தீவில்தான் அதிகம், இந்தத் தீவிலும் இருக்கிறார்கள். ஜேஜூப் பெண்களின் இந்தத் தொழிலை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஊரிலும் முத்துக்குளித்தார்கள், 1961இல்தான் கடைசிக் குளிப்பு என்றேன். காலில் கல் கட்டி இறங்குவதையும், மேலே வள்ளத்தில் ஒருவர் கயிறு பிடிப்பதையும் கையால் காட்டினேன். கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன், தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதென்று அவன்தான் விடாமல் பிடிப்பான் என்று ஊரில் சொல்வதையும் சொன்னேன். அப்போ பெண்கள் இறங்க மாட்டார்களா என்றார். இல்லை, ஆண்கள்தான். பாட்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சொன்னார்: "எங்களுக்குக் கயிறும் கிடையாது, மச்சானும் கிடையாது." உதட்டைக் குவித்து ஒரு விசில் அடித்துக் காட்டினார். தண்ணீருக்கு மேலே வந்ததும் அடக்கிய மூச்சை அப்படித்தான் விடுவார்களாம். உங்கள் தங்கச்சி அன்றிலிருந்து பாத்திரம் கழுவி முடித்ததும் அந்த விசிலை அடிக்கிறாள்.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது. அடுத்து யாராவது வந்தால் இரண்டு கிலோ கொடுத்துவிடுங்கள். ஒரு கிலோ மாடிக்கு. மாமி கறி ஊறுகாய் போட்டுக் கொடுப்பதாகச் சொன்னார்கள். வேண்டவே வேண்டாம், இறைச்சியை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தால் பெரிய அபராதம். மக்ரூன் வையுங்கள். ஆனால் இந்தத் தடவை அதைக் கருப்பட்டிக்கு மேலே வையுங்கள். போன தடவை கீழே வைத்ததில் நாங்கள் அதை ஸ்பூனால்தான் சாப்பிட்டோம்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை